மகளிர் தினத்தன்று லேப் லீவு

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ரத்தம் எடுக்கும் லேப். ஆகஸ்ட் 9 காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் அன்று மகளிர் தினம், அரசு விடுமுறை. 1956இல் அந்த நாளில்தான் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் கறுப்பின மக்கள் எப்போதும் அடையாளப் புத்தகத்தோடு நடமாட வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அவர்கள் நினைவாக விட்ட லீவில் என் ஹார்மோன் டெஸ்ட் மாட்டிக்கொண்டது.

எனக்கு அன்று மாதவிலக்கின் மூன்றாம் நாள். மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்த மாதம் போச்சு, இனி முப்பத்தாறு நாள் காத்திருக்க வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது. டாக்டருக்கு மெசேஜ் அனுப்பினேன். “இரண்டிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுத்தால் போதும். நாளைக்குப் போங்கள்” என்று பதில் வந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை, லேப் அரை நாள் திறந்திருந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கதை இதற்கு முன்பே, ஜூனில் தொடங்கியது. வயது முப்பத்தாறு. மாதவிலக்கு எப்போதுமே எனக்குத் தள்ளித்தான் வரும். முப்பத்தாறு நாள், சில சமயம் நாற்பது. முடி வேறு கொத்துக்கொத்தாகக் கொட்டியது. முதலில் பார்த்த டாக்டர் ஃபார்மில் ‘21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்’ என்று ஒரு ஹார்மோன் டெஸ்டை எழுதிக் கொடுத்தார். நானும் காலண்டரில் எண்ணி, சரியாக இருபத்தொன்றாம் நாள் போய்க் கையை நீட்டினேன். 1.9 என்று வந்தது. கருமுட்டை வெளியாகவில்லை என்றார். ஒரு வாரம் சரியான தூக்கம் இல்லை.

அந்த 21 என்ற எண் யாருக்கு என்பது பிறகுதான் புரிந்தது. முட்டை வெளியான பிறகுதான் புரோஜெஸ்டிரோன் ஏறும். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் ஏழு நாள் முன்பு உச்சத்தில் இருக்கும். இருபத்தெட்டு நாள் மாதவிலக்குச் சுற்று உள்ளவருக்கு அது இருபத்தொன்றாம் நாள். முப்பத்தாறு நாள் சுற்று உள்ள எனக்கு இருபத்தொன்பதாம் நாள். நான் ஒரு வாரம் முந்திப் போயிருக்கிறேன். சோறு வேகும் முன்பே பானையைத் திறந்து பார்த்துவிட்டு வேகவில்லை என்று சொன்ன கதை.

நாளை எண்ணுவதிலும் ஒரு குழப்பம். விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, “தலைக்குக் குளிச்ச நாளிலேர்ந்து எண்ணு” என்றார். அவர் கணக்கில் அதுதான் தொடக்கம். லேப் கணக்கில் ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அதற்கு முந்தைய நாள் லேசாகப் பட்ட கறையும் கணக்கில் வராது. அம்மா சொன்னபடி எண்ணியிருந்தால் கணக்கு இரண்டு நாள் தப்பியிருக்கும்.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அவர்தான் எதற்கு எந்த நாள் என்று பொறுமையாகச் சொன்னார். எஃப்.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைக் கூப்பிடும் குரல். காலையில் பிள்ளையை எழுப்புகிற மாதிரிதான். உடனே எழுந்தால் குரல் உயராது. எழுந்திருக்காவிட்டால் சத்தம் கூடிக்கொண்டே போகும். சினைப்பை ஓய்ந்துவருகிறதா என்பதை அந்தச் சத்தத்தை வைத்து ஊகிக்கிறார்கள். சுற்றின் ஆரம்பத்தில், அந்தக் குரலை அமுக்கும் சினைப்பை ஹார்மோனான ஈஸ்ட்ரடயால் குறைவாக இருப்பதால் அப்போது எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். தைராய்டுக்கும், சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஏ.எம்.எச்.சுக்கும் நாள் கணக்கு தேவையில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்டார். சாப்பிட்டால் பல எண்கள் அமுங்கிப்போகும். நான் சாப்பிடவில்லை.

அவர் கேட்க மறந்தது ஒன்று, நான் சொல்ல மறந்ததும் அதுவே. ஜூன் ரிப்போர்ட் பயத்தில் முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன், தினமும் 10,000 மைக்ரோகிராம். மாத்திரையாக நினைத்தால்தானே சொல்லத் தோன்றும்! என்னைப் பொறுத்தவரை அது முடிக்குப் போடும் எண்ணெய் மாதிரி.

மகளிர் தினத்துக்கு மறுநாள் எடுத்த ரிப்போர்ட்டில் தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச். தரைமட்டம், தைராய்டு சுரக்கும் டி4 உச்சத்தில். தைராய்டு ஓவராக வேலை செய்வதுபோல் இருந்தது. ஆனால் படபடப்பில்லை, எடை குறையவில்லை, கை நடுங்கவில்லை. டாக்டர் என்னையும் தாளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “வைட்டமின் ஏதாவது எடுக்கிறீர்களா?” என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. சில லேப் இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் கொக்கி குழம்பி, சில எண்கள் பொய்யாக இறங்கும், சில பொய்யாக ஏறும். 2017லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எஃப்.எஸ்.எச். எண்ணையும் அதனால் நம்ப முடியாது என்று மொத்த ரிப்போர்ட்டையும் ஓரமாக வைத்துவிட்டார். மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த சுற்றில் மறுபடி. மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீட்டில் சேமிப்புப் பணம் கரைவதைப் பார்த்துக் கணவர் பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது தடவை செப்டம்பரில், நாலாம் நாள். மாடி ஏறி மூச்சிரைக்கப் போனேன். சிஸ்டர் ஊசியை எடுக்காமல், பதினைந்து நிமிடம் சும்மா உட்காரச் சொன்னார். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்க வேண்டியிருந்தது. பதற்றப்பட்டால்கூட அது ஏறுமாம். வெறும் வயிற்றோடு போனது இன்சுலினுக்கும் சர்க்கரைக்கும் மட்டும்தான். மற்றவற்றுக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம்.

புரோஜெஸ்டிரோனுக்காக இருபத்தொன்பதாம் நாள் போனபோது புரட்டாசி நடந்துகொண்டிருந்தது. இங்கே தமிழர்கள் புரட்டாசி முழுக்கக் கறி, மீன் தொடுவதில்லை. இதில் ஊரில் இருப்பவர்களைவிடக் கெட்டி. பக்கத்து வீட்டு ஆன்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், சமையலறைக்கும் கோயிலுக்கும் மட்டும் தமிழ்ச் சொற்கள். வடை கொண்டுவந்தவர் நான் கிளம்புவதைப் பார்த்து, “ஃபாஸ்டிங் சாமிக்கா, லேபுக்கா?” என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்று ஒரு வடையைத் தின்றுவிட்டுப் போனேன்.

38 வந்தது. முட்டை வெளியாகியிருக்கிறது. தைராய்டும் சாதாரணம். ஜூனில் தொலைத்த தூக்கத்தை யாரிடம் கேட்பது?

ஆனால் அந்த ரிப்போர்ட்டும் ஒரு நாள் ஆட்டிவைத்தது. இரண்டு வருடம் முன்பு மதுரையில் எடுத்தபோது ஏ.எம்.எச். 5.6. இங்கே 34.3. “ஆறு மடங்கு ஆகியிருக்கு!” என்றார் கணவர். அவர் கணக்காளர், அலகைக் கவனித்திருக்க வேண்டாமா? மதுரை ரிப்போர்ட் நானோகிராமில், டர்பன் ரிப்போர்ட் பிக்கோமோலில். 34.3ஐ 7.14ஆல் வகுத்தால் 4.8. உண்மையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஈஸ்ட்ரடயாலுக்கு அந்த எண் 3.67, புரோஜெஸ்டிரோனுக்கு 3.18. ஊர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடும் நம்மவர்கள் இந்த மூன்று எண்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கலாம். நான் ஒட்டிவைத்திருக்கிறேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் விழும் நட்சத்திரக் குறியைப் பார்த்தும் பயந்திருக்கிறேன். சுற்றின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவு வேறு. கீழே எல்லாவற்றையும் அச்சிட்டிருப்பார்கள். நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் லேபுக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தடவை ஃபார்மின் மேலேயே நாளை எழுதிக் கொடுத்தேன்.

கடைசியில் பி.சி.ஓ.எஸ்., அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு என்று முடிவானது. ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கும் கொஞ்சம் உண்டு, அதன் மொத்தம் அளவுக்குள்தான் இருந்தது. ஆனால் அதைப் பிடித்துவைக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதம் குறைவு. லாக்கரில் இருக்க வேண்டிய நகையையும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் எப்படி? அப்படித்தான் தனியாகத் திரியும் ஹார்மோன் எனக்குக் கூடுதல். அதோடு ஏ.எம்.எச். அதிகம், சுற்று முப்பத்தைந்து நாளுக்கு மேல். ஒரே எண்ணை வைத்து அவர் தீர்மானிக்கவில்லை. முட்டை வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் இருக்கலாம் என்றார்.

இதெல்லாம் கேட்ட ஆன்ட்டிக்கும் ஆசை வந்துவிட்டது. வயது ஐம்பத்திரண்டு, எட்டு மாதமாக மாதவிலக்கு இல்லை, ராத்திரியில் குப்பென்று வியர்க்கிறது. எனக்கும் ஹார்மோன் பார்க்கணும் என்று என் டாக்டரிடமே வந்தார். மாதவிலக்கு நிற்கும் கட்டம் வந்துவிட்டது என்று சொல்ல நாற்பத்தைந்துக்கு மேல் இந்த அறிகுறிகளே போதும், எஃப்.எஸ்.எச். இந்த வயதில் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அதை அளந்து பயனில்லை என்று சொல்லிவிட்டு டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், தூக்கத்தைப் பற்றி விசாரித்தார், என்ன சிகிச்சைகள் உண்டு என்று விளக்கினார். திரும்பும் வழியெல்லாம் ஆன்ட்டி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார். அவ்வளவு தூரம் போயும் ஒரு ஊசிகூடப் போடவில்லையாம்.