இது உண்மையான ஆறோ, செய்த ஆறோ?

போன சனிக்கிழமை அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ துறைமுகப் பக்கம் இருக்கிற பீதாசிகே பூங்காவுக்குப் போனேன். 2025 ஜூலையில் திறந்தது. "ஏரியைப் பார்க்கிறதெண்டால் ஸ்காபரோவிலேயே பார்க்கலாமே தம்பி, இவ்வளவு தூரம் ஏன்?" என்று அப்பா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். ஏரியைப் பார்க்கப் போகவில்லை, ஆற்றைப் பார்க்கப் போகிறோம் என்றேன். எந்த ஆறு என்றார். டொன் ஆறு என்றேன். "அது பார்க்வே கரையாலே ஓடுற சேத்துத் தண்ணியெல்லோ?" அதுதான். (பார்க்வே என்றால் ஆற்றோரமாகப் போகிற நெடுஞ்சாலை.)

இந்த ஊரில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு டொன் ஆறு என்றால் வேலைக்குப் போகிற வழியில் காரின் கண்ணாடிக்கு வெளியே தெரிகிற ஒரு மண்ணிற வாய்க்கால், அவ்வளவுதான். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் பார்த்தேன். அது எங்கே போய் ஏரியில் விழுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். 38 கிலோமீட்டர் தெற்கு நோக்கி வருகிற ஆறு, ஏரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளை அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல நேர்கோணத்தில் வலது பக்கம் திரும்பி, கொங்கிரீட் சுவர்களுக்கு நடுவே கீட்டிங் கால்வாய்க்குள் போகும். எந்த ஆறாவது 90 பாகையில் திரும்புமா? மழை வந்தால் தண்ணீர் அந்த மூலையில் மோதித் திணறும், கொண்டுவந்த மண்ணையும் மரக்கட்டைகளையும் அங்கேயே போட்டுவிடும். அதை வருடா வருடம் தோண்டி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடம் முன்பு ஆஷ்பிரிட்ஜஸ் குடா என்ற பெரிய சதுப்பு நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கத்திலிருந்த விஸ்கி வடிசாலைக்காரர்கள் மாட்டுப் பட்டிகளின் கழிவை அதற்குள் விட்டார்கள், நகரம் தன் சாக்கடையை விட்டது, நாற்றமும் நோய்ப் பயமும் வந்தன. உடனே என்ன செய்தார்கள்? கழிவை நிறுத்தினார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை, சதுப்பு நிலத்தை மூடினார்கள். 1912 முதல் மண்ணைக் கொட்டி நிரப்பி, மேலே தொழிற்சாலைகளும் எண்ணெய்த் தாங்கிகளும் நிலக்கரிக் குவியலும் வைத்தார்கள். ஆறு செத்துப்போய்விட்டது என்று சொல்லி 1969இல் சூழல் ஆர்வலர்களான மாணவர்கள் டொன் ஆற்றுக்கு ஒரு செத்தவீடே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, இப்போது செய்திருப்பது என்னவென்றால், அந்த நிரப்பிய நிலத்தை மறுபடி தோண்டி, ஆற்றுக்குப் புதிதாக ஒரு வாயை வெட்டியிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். ஆறு தெற்கே இறங்கி, மெதுவாக மேற்கே வளைந்து, துறைமுகத்துக்குள் சேர்கிறது. பழைய கீட்டிங் கால்வாயையும் மூடவில்லை, ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு தீவு உருவாகிவிட்டது. அதற்கு ஊக்வேமின் மினிசிங் என்று பெயர், கருஞ்செரி மரங்களின் இடம் என்று அர்த்தமாம். பீதாசிகே என்றால் சூரிய ஒளி நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். இரண்டும் இந்த மண்ணின் அனிஷினாபே மக்களின் மொழி. மகள் இரண்டையும் ஒரே தடவையில் சரியாகச் சொன்னாள், எனக்கு நாலு தடவை வேண்டியிருந்தது.

வடிவமைப்புப் போட்டி நடந்தது 2007இல். பணம் வந்தது 2017இல், மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் சேர்ந்து 125 கோடி டொலர், பிறகு அது இன்னும் கூடியது. தண்ணீர் ஓடத் தொடங்கியது 2024இல். பூங்காவுக்காக மட்டும் இவ்வளவு காசு போடவில்லை. 1954 ஒக்டோபரில் வந்த ஹேசல் புயலில் இங்கே 81 பேர் இறந்தார்கள், ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவில் மட்டும் 35 பேர். அதே அளவு வெள்ளம் டொன் ஆற்றில் வந்தால் நகரின் தென்கிழக்கில் 240 ஹெக்டேர் நிலம் தண்ணீருக்குள் போகும் என்பதால் அங்கே புதிதாக ஒன்றும் கட்ட முடியாமல் இருந்தது. இனித் தீவில் ஆயிரக்கணக்கான வீடுகள் வரப்போகின்றன. அதில் யார் குடியிருக்கப்போகிறார்கள், எங்களைப் போன்றவர்களால் வாடகை கட்ட முடியுமா என்பது வேறு கதை. அதைக் கதைத்தால் எனக்குக் கோபம் வரும், விடுகிறேன்.

பாலங்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் கொஞ்சம் மாறியது. வெளியே வெள்ளை, உள்ளே பளிச்சென்ற நிறம், சங்குபோல வளைந்த உடம்பு. நோவா ஸ்கோஷியாவில் செய்து, பெரிய மிதவைகளில் ஏற்றி, செயின்ட் லோரன்ஸ் ஆற்றுவழியாக இங்கே கொண்டுவந்து வைத்தவை. அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயம் பிடிக்கும். "பாலத்தைத் தண்ணியிலே கொண்டுவந்தவை" என்று இரண்டு தரம் சொல்லிக்கொண்டார்.

மகள் கம்பியில் தொங்கிச் சறுக்குகிற ஸிப்லைன் வரிசையில் போய் நின்றுவிட்டாள் (அந்த வரிசையைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு வேண்டும்). நாங்கள் இருவரும் தண்ணீர்க் கரைக்கு இறங்கினோம். அங்கேதான் அப்பா தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனுஷன். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு பார்க்காமல் வளர்ந்தவர், அவருக்கு ஆறு என்றால் ஒரு மரியாதை.

செய்த ஆறுதான் அப்பா என்றேன். அடியிலிருந்து மேல்வரை செய்தது. கீழே மண் முழுக்க எண்ணெயும் நஞ்சும் என்பதால் அது தண்ணீரில் கலக்காமல் இருக்கத் தடுப்புப் படலம் விரித்து, அதற்கு மேலே மண், கல், வேரோடு கூடிய மரத்துண்டுகள் என்று ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். கிடக்கிற மரக்கட்டைகூடத் தானாக விழுந்ததில்லை, மீன் ஒதுங்குவதற்காகக் கொண்டுவந்து போட்டது. செடியை வாத்துகள் தின்னாமல் இருக்கக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அப்பா குனிந்து கரையோர மண்ணிலிருந்து ஒரு இழையை இழுத்துப் பார்த்தார். "இது தும்பெல்லே!" தென்னந்தும்புதான். செடி வேர்பிடிக்கும்வரை கரை கரையாமல் இருக்கத் தும்புப் பாயால் மண்ணைப் பொதிந்திருக்கிறார்கள், பிறகு அது உக்கிப்போகும். கனடாவின் ஆற்றைத் தும்பு தாங்கிப் பிடிக்கிறது என்பதில் அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் எல்லாமே செய்ததில்லை. தோண்டும்போது ஓரிடத்தில் பழைய சதுப்பு நிலத்தின் மண் வெளியே வந்திருக்கிறது. வெயில் பட்டதும் அதிலிருந்து கோரையும் சம்பும் தாமாகவே முளைத்தன. நூறு வருடத்துக்கு மேல் தொழிற்சாலைக்கு அடியில் கிடந்த விதைகள். பல்கலைக்கழக ஆட்கள் வந்து ஆராய்ந்தார்கள், வேலை செய்தவர்கள் அந்தச் செடிகளைப் பத்திரமாகப் பெயர்த்து வைத்தார்கள். இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசவில்லை, தும்பைக் கவனமாக மண்ணுக்குள் திரும்பச் செருகிவிட்டார்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இந்தப் புது வாயால் பார்க்வேயில் வெள்ளம் நிற்கப்போவதில்லை. 2013 ஜூலையில் ஆற்றங்கரையில் 1,400 பேரோடு ரயில் தண்ணீரில் சிக்கி, பொலிஸ் படகில் ஆட்களை இறக்கினார்களே, அது மேலே பள்ளத்தாக்கில் நடந்தது. 2024 ஜூலை மழையிலும் பார்க்வே மூழ்கத்தான் செய்தது. அந்தச் சாலையைப் போட்டதே ஆறு பெருகினால் பரவுகிற நிலத்தில். ஆற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பார்க்வேயில் வழக்கம்போல நெரிசல், கார்கள் ஊர்ந்தன. இடது பக்கம் ஆறு, ஒரு வளைவும் இல்லாமல் நேராக. 1880களில் நிமிர்த்தியது, இன்னும் அப்படியே கிடக்கிறது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதுவும் அதே ஆறுதானே? அப்ப இதை ஏன் வளைச்சு விடேல்லை?"

"அங்காலே ரயில் பாதை அப்பா. இங்காலே நாங்கள் போற ரோட்டு. எங்கை வளைக்கிறது?"

"ம்" என்றார். பிறகு பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, முறுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பேத்தியிடம் கேட்டார்.