மூன்று டேங்குகளும் பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்களும்

பசை தயாரிக்கும் ஆலையொன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். டோலுயின், எத்தில் அசிடேட், அசிட்டோன் என்ற மூன்று கரைப்பான்களையும் பல வருடங்களாக 200 லிட்டர் டிரம்களில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். டிரம்மை உருட்டுவது, திறப்பது, பம்ப் சொருகுவது, மிச்சத்தைக் கவிழ்ப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஆவி வெளியே வரும். இதற்கு முடிவு கட்ட தலா 20,000 லிட்டரில் மூன்று டேங்குகள் வைப்பதென்று நிர்வாகம் தீர்மானித்தது. எந்தப் பொருளில் டேங்க் செய்வது என்று எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆனது.

முதல் சண்டை எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோடு. கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு வேதிப்பொருள் பொருத்த அட்டவணையை எடுத்து வந்தார்கள். "சார், எச்.டி.பி.இ. அசிட்டோனைத் தாங்கும்னு இதுலயே போட்டிருக்கு. துருப் பிடிக்காது, விலையும் பாதி" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மாதிரி அட்டவணை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்தத் திரவம் இந்தப் பொருளைத் தின்னுமா? பக்கத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும், உள்ளே நிலை மின்சாரம் சேர்ந்தால் எங்கே போகும் என்பதெல்லாம் அதில் இருக்காது.

எச்.டி.பி.இ. சுமார் 130 டிகிரியில் உருகிவிடும். பக்கத்தில் எரியும் தீ அதன் சுவரை உருக்கி, உள்ளே இருக்கும் மொத்தத்தையும் தரையில் கொட்டிவிடும். எஃகு டேங்க் என்றால் உள்ளே இருக்கும் திரவமே சுவரின் சூட்டை வாங்கிக்கொள்ளும், கொதித்து வரும் ஆவி அவசர வென்ட் வழியாக வெளியேறும், தீயணைப்பவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். எங்கள் மூன்று திரவங்களின் தீப்பற்று நிலையையும், அதாவது பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலையை, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். டோலுயின் 4 டிகிரி, எத்தில் அசிடேட் மைனஸ் 4, அசிட்டோன் மைனஸ் 20-ஐ ஒட்டி. சாதாரண நாளில், நிழலில் வைத்திருந்தாலும் மூன்றும் தீப்பற்றத் தயாராகவே இருக்கின்றன என்று அர்த்தம். போதாக்குறைக்கு டோலுயின் எச்.டி.பி.இ.யை ஊதவைத்து மெதுவாக ஊடுருவவும் செய்யும்.

அந்தத் தம்பியை மனம் மாற வைத்தது நிலை மின்சாரம்தான். அசிட்டோன் மின்னூட்டத்தை ஓரளவு கடத்திவிடும். டோலுயின் அப்படியில்லை. மீட்டருக்கு 50 பிக்கோசீமன்ஸுக்குக் (மின்கடத்துதிறனின் மிகச் சிறிய அலகு) கீழே கடத்தும் திரவங்களை நிலை மின்சார விஷயத்தில் ஆபத்தானவை என்று கணக்கில் எடுப்பார்கள். சுத்தமான டோலுயின் 1-க்கும் கீழே. குழாயில் ஓடும்போது சேரும் மின்னூட்டம் அதிலேயே தங்கிவிடும். உலோக டேங்கை எர்த் செய்திருந்தால் சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கும். பிளாஸ்டிக் டேங்கில் இறங்க வழியே இல்லை. அதோடு, 20 டிகிரி வாக்கில் டோலுயினின் ஆவி காற்றோடு கலந்து நிற்கும் அளவு சுமார் 3 சதவீதம். அது எரியக்கூடிய வரம்பு ஏறக்குறைய 1-லிருந்து 7 சதவீதம். அதாவது மூடிய டேங்கின் தலைப்பகுதியில் வெடிக்கத் தோதான கலவை. அசிட்டோன் வேகமாக ஆவியாவதால் அதே வெப்பநிலையில் எரியக்கூடிய உச்ச வரம்பைத் தாண்டி, எரிய முடியாத அளவுக்கு அடர்ந்துவிடும். அதிகம் பயப்பட வேண்டியது அசிட்டோனுக்கு என்று நினைத்திருந்த எனக்கே இது புதுசு.

ஃபைபர் டேங்க் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. பாலியெஸ்டர் ரெசினை அசிட்டோன் பதம் பார்த்துவிடும். ஒருவர் பழைய அலுமினிய டேங்க் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது என்றார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும். நாளைக்கு யாராவது அதே டேங்கில் டைகுளோரோமீத்தேன் போன்ற குளோரின் கரைப்பானை ஊற்றினால் அலுமினியத்தோடு ஆபத்தாக வினைபுரியவும் கூடும். வேண்டாம் என்றேன்.

ஆக எஃகு. மைல்டு ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா? மூன்றுக்கும் ஸ்டெயின்லெஸ் போட்டுவிட்டால் தூக்கம் வரும் என்று முதலில் எழுதினேன். மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நியாயம்தான். டோலுயினுக்கு மைல்டு ஸ்டீலோடு எந்த விரோதமும் கிடையாது. அரிப்பது தண்ணீர். டேங்க் பகல் சூட்டில் மூச்சு விடும், இரவுக் குளிரில் இழுக்கும். இழுக்கும் காற்றோடு ஈரம் வந்து உள்ளே வியர்க்கும். டோலுயின் தண்ணீரைவிட லேசு என்பதால் அந்தத் தண்ணீர் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் அடித்தகட்டில் 2 மில்லிமீட்டர் கூடுதல் கனம், ஒரு பக்கம் சரிவு, தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு என்று முடிவானது. அசிட்டோனில் தண்ணீர் கரைந்துவிடுவதால் அடியில் தனியாகத் தேங்குவதில்லை. அதற்கும் மைல்டு ஸ்டீல்தான்.

எத்தில் அசிடேட்டில்தான் சிக்கல். உலர்ந்த சரக்குக்கு மைல்டு ஸ்டீல் போதும் என்று சப்ளையர் அடித்துச் சொன்னார். ஆனால் நாங்கள் புதுச் சரக்கு மட்டும் போடுவதில்லை, வடித்து மீட்டெடுத்ததையும் அதே டேங்கில் சேர்ப்போம். மீட்டெடுத்ததில் ஈரம் இருக்கும். எத்தில் அசிடேட்டும் தண்ணீரும் நாள்பட ஒன்றாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் உண்டாகும். அமிலம் சேரச் சேர அந்த வினை இன்னும் வேகமெடுக்கும். இரும்பு கரைந்து சரக்கில் மஞ்சள் ஏறும். எங்கள் பசை நிறமற்றது, வாடிக்கையாளர் முதலில் பார்ப்பதே நிறத்தைத்தான். இந்த ஒரு டேங்குக்கு மட்டும் 304 எல் ரக ஸ்டெயின்லெஸ். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத அந்த 'எல்' ரகம் ஏன் வேண்டும் என்றால், சாதாரண 304-ல் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிட்டு, வெல்டிங் தையலை ஒட்டியே அரிப்பு தொடங்கலாம்.

ஃபேப்ரிகேஷன் நடந்த இடத்தில் இரண்டு முறை தலையிட வேண்டியிருந்தது. மைல்டு ஸ்டீல் டேங்குகளின் உள்ளே எப்பாக்ஸி பெயின்ட் அடித்துத் தருவதாக அன்போடு சொன்னார்கள். சாதாரண எப்பாக்ஸி அசிட்டோனில் மெத்தென்று இளகி உரிந்துவிடும், உரிந்தது நேராக பம்ப் ஃபில்டருக்குள் போகும். வெறும் தகடாகவே விடச் சொன்னேன். அடுத்தது ஹைட்ரோ டெஸ்ட், அதாவது டேங்கில் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனை. 304 டேங்கைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பத் தயாராக நின்றார்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்குச் சோதனைத் தண்ணீரில் குளோரைடு 50 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 50 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 650 தரத்திலேயே இருக்கிறது. சோதித்துப் பார்த்தால் பல மடங்கு. "அண்ணே, ஒரு நாள் தண்ணி நின்னா எஃகு என்ன கரைஞ்சா போகும்?" என்று வெல்டர் சிரித்தார். கரையாது, ஆனால் வடிக்காமல் விட்ட ஓரங்களில் ஊசிமுனை ஓட்டை விழும். லாரியில் குளோரைடு குறைந்த தண்ணீர் வரவழைத்து, சோதனை முடிந்த அன்றே வடித்துத் துடைத்து உலர்த்தினோம்.

இதெல்லாம் முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது ரப்பர். ஃபிளாஞ்ச் எனும் குழாய் இணைப்புத் தட்டுகளுக்கு நடுவே ஒழுகாமல் வைக்கும் கேஸ்கட், வால்வு சீல், மூச்சு வால்வின் டயஃப்ரம், இறக்கும் ஹோஸின் உள்சுவர் என்று எண்ணிப் பார்த்தால் டேங்கைச் சுற்றி நாற்பது இடத்தில் மெத்தென்ற ஏதோ ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விற்பனையாளரும் "சால்வென்ட் கிரேடு" என்கிறார். எந்த சால்வென்ட் என்று கேட்டால் பதில் இல்லை. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று நைட்ரைல், விட்டான், ஈ.பி.டி.எம். என்ற மூன்று ரப்பர்கள், டெஃப்ளான் பிளாஸ்டிக் ஆகிய நான்கிலும் ஒரே அளவு துண்டு வெட்டி, மூன்று கரைப்பானிலும் போட்டு, பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்களை லேபில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் ஒரு வாரம் வைத்தேன்.

விட்டான் விலை கூடியது, எதையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் ஸ்டோரில் உண்டு. டோலுயினில் அது உண்மை, போட்டபடி கிடந்தது. அசிட்டோனிலும் எத்தில் அசிடேட்டிலும் உப்பிப்போய், நகத்தால் கிள்ளினால் பிய்ந்தது. ஈ.பி.டி.எம். நேர் எதிர். அசிட்டோனில் அசையவில்லை, டோலுயினில் அடையாளம் தெரியாமல் வீங்கியது. நைட்ரைல் மூன்றிலும் தோற்றது. மூன்றிலும் மாறாமல் இருந்தது டெஃப்ளான் மட்டுமே. அதற்கும் ஒரு குணம் உண்டு: போல்ட்டின் அழுத்தத்தில் நாள்பட நசுங்கி விலகும், பெரிய தீயில் நிற்காது. ஆகவே டேங்கிலிருந்து முதல் வால்வு வரை உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றி இடையில் கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வவுண்ட் கேஸ்கட். வால்வுகள் ஏபிஐ 607 தீச்சோதனையில் தேறியவை, அதாவது டெஃப்ளான் இருக்கை எரிந்துபோனாலும் உள்ளே உலோகத்தோடு உலோகம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். டயஃப்ரம், ஹோஸ் உள்சுவர் இரண்டும் டெஃப்ளான். ஹோஸில் மட்டும் மின்னூட்டம் இறங்கும் கடத்தும் ரகமாகக் கேட்டு வாங்கினோம்.

மட்டம் காட்டும் கருவிக்கு மிதவை வகைதான் முதலில் ஆர்டரில் இருந்தது. 2007 ஜூலை 17-இல் அமெரிக்காவின் கான்சாஸில் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான் டேங்க் ஒன்று நிரப்பும்போது வெடித்தது. டேங்க் எர்த் செய்யப்பட்டே இருந்தது. உள்ளே மட்டக் கருவியின் மிதவை இணைப்பு லொடலொடவென்று இருந்ததால் அங்கே பொறி பறந்திருக்கலாம் என்று அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொன்னது. அதைப் படித்த அன்றே மிதவையை அடித்துவிட்டு ரேடார் என்று எழுதினேன். திரவம் தெறித்து மின்னூட்டம் சேராதபடி நிரப்பும் குழாயையும் அடிவரை இறக்கி, அதன் வாய் திரவத்தில் மூழ்கும்வரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று பம்ப் அருகில் பலகை வைத்தோம்.

டேங்குகள் ஓடத் தொடங்கி எட்டாவது மாதம், அசிட்டோன் லைனில் ஒரு ஃபிளாஞ்ச் சொட்டியது. போய்ப் பிரித்தால் உள்ளே கறுப்பு ரப்பர், கையோடு வழுவழுவென்று வந்தது. இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் ஒழுகலைப் பார்த்ததும் ஸ்டோரில் கைக்கு முதலில் கிடைத்த நைட்ரைல் ஷீட்டை வெட்டிப் போட்டிருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே இருந்தது அது ஒன்றுதான். அன்று மாலைக்குள் டேங்க் பகுதியின் அலமாரியிலிருந்து ரப்பர் ஷீட் முழுவதையும் அகற்றி, அளவு வாரியாகச் சரியான கேஸ்கட்டுகளை அடுக்கினோம். அலமாரிக் கதவில் அந்த ஊறிப்போன துண்டுகள் பன்னிரண்டையும் பெயர் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.