குலுக்கணுமா?

"கடைசியில மட்டும் பால் மாதிரி வருது சார். மருந்து கெட்டுப்போச்சா?"

மருந்துக் கவுண்டரில் வரிசை வாசல் வரை நின்ற நேரத்தில் அந்தம்மா கேட்டது. பையனுக்குப் பத்து வயசு. வெயில் வந்தாலே கண்ணைக் கசக்குவான், நூல் நூலாகப் பீளை வரும், மேல் இமையைத் திருப்பினால் கூழாங்கல் பரப்பியது மாதிரி தடிப்புகள். இரண்டு வாரம் சொட்டு மருந்து போட்டும் தணியவில்லை என்று, மேல் இமைக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட எழுதியிருந்தார் டாக்டர்.

மருந்து கெடவில்லை. அந்தச் சொட்டு மருந்தில் இருப்பது பிரெட்னிசோலோன் அசிடேட் என்ற ஸ்டீராய்டு, தண்ணீரில் கரையாத சரக்கு. நுண்ணிய தூளாக மிதக்கும், புட்டி சும்மா இருந்தால் அடியில் படிந்துவிடும்.

"ஒவ்வொரு தடவையும் குலுக்கினீங்களாம்மா?"

"குலுக்கணுமா? நீங்க சொல்லலையே."

சொல்லியிருப்பேன். எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் அன்று சொன்னதாக ஞாபகம் வருவது வேறு: ஒரு சொட்டு போதும், கண்ணை மூடி மூக்கோரத்தை இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். கண்ணுக்குள் 30 மைக்ரோலிட்டர்தான் நிற்கும். ஒரு சொட்டே 50 வரை வரும். மிச்சம் மூக்கு வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். அதில் ஒரு துளி வீணாகக் கூடாது என்று அவ்வளவு அக்கறை எனக்கு. அந்தத் துளிக்குள் மருந்து இருந்ததா என்பதுதான் கேள்வி. குலுக்கச் சொல்லிப் புட்டியில் அச்சடித்திருக்கிறது, உண்மைதான். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

டாக்டர் அறை பத்தடி தூரம். "சார், மருந்து சரியாப் போகலைபோல, ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க" என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்த அளவு தடிப்புக்கு எப்படியும் ஊசிதான் என்று நினைத்துக்கொண்டேன். இமை உரசி உரசிக் கருவிழியில் புண் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. காத்திருக்கச் சொல்வதும் தப்பாகியிருக்கும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் எடைபோட வேண்டியவர் அவர். அவருக்குக் கிடைத்த தகவலோ 'சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை' என்பது மட்டும். கடைசி நாட்களில் கெட்டியாக விழுந்ததும் ஸ்டீராய்டுதான், கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அதையும் நான் சொல்லவில்லை.

"கெடலைம்மா. ஊசி போட்டுட்டு வாங்க" என்றேன். பையன் கத்தியது கவுண்டர் வரை கேட்டது.

அடுத்த மாசம் கண் வெளுத்துத் தெளிந்து வந்தான். ஊசியா, குலுக்கலா, இடையில் பெய்த மழையா? எனக்குத் தெரிய வழியில்லை. அந்தம்மா கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து என் முன்னால் வேகமாகக் குலுக்கிக் காட்டினார்.

"இப்படித்தானே சார்?"

"ஆமாம்மா."