‘சாவி’யை வைத்து லத்தீன் வழிச் சொற்களைப் படிக்கும் முறை

வரலாற்று மொழியியல் தாள் எழுதுபவர்களுக்கும், பிரெஞ்சு படித்துவிட்டு ஸ்பானியத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வருகிறது. சொற்களை இணை இணையாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியலில் இல்லாத சொல் ஒன்று கேள்வித்தாளில் வந்துவிட்டால் பேனா நகர்வதில்லை. அதற்குப் பதில் ஒரே ஒரு சொல்லை எடுத்து, அதன் எல்லாக் கிளைகளையும் முடிக்கும்வரை படியுங்கள். தமிழ் மாணவருக்கு ஏற்ற சொல் சாவி.

சாவி போர்த்துகீசியரோடு வந்த சொல். அதன் மூலம் ‘கிளாவிஸ்’ என்ற லத்தீன் சொல். மேசை, ஜன்னல், அலமாரி, பேனா எல்லாம் அதே வழியில் வந்தவைதான். நம்மிடம் திறவுகோல் இருந்தது. இலங்கையில் இன்றும் திறப்பு என்கிறார்கள். இருந்தும் தமிழ்நாட்டுப் பேச்சில் சாவி நிலைத்துவிட்டது.

முதலில் செய்ய வேண்டியது, அகராதியில் தலைச்சொல்லாக இருக்கும் எழுவாய் வடிவத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாம் வேற்றுமை வடிவத்தை எடுத்துக்கொள்வது. கிளாவிஸ் அல்ல, ‘கிளாவெம்’. லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளின் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் இந்த வடிவத்திலிருந்தே வந்தவை. கடைசி ‘ம்’ பேச்சில் மிக முன்னதாகவே தேய்ந்துவிட்டது. ஆக, தொடக்கப் புள்ளி ‘கிளாவெ’. பலர் எழுவாயிலிருந்து தொடங்கி, ‘ஸ்’ எங்கே போனது என்று விளக்க முயன்று தேவையில்லாமல் அரைப் பக்கம் எழுதுகிறார்கள்.

அடுத்து, ஒரு தாளை அகலவாக்கில் வைத்து ஏழு பத்திகள் போடுங்கள்: லத்தீன், போர்த்துகீசியம், ஸ்பானியம், கட்டலான் (ஸ்பெயினின் வடகிழக்கில் பேசும் மொழி), பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம். முதல் வரிசையில் வருபவை: கிளாவெம், ஷாவ், யாவே, கிளாவ், க்ளே, கியாவே, கேயே. (ஸ்பானியத்தில் இரட்டை ‘எல்’ எழுதி ‘ய’ போல ஒலிப்பார்கள்.) இந்த ஒரு வரிசையை வைத்து எந்த விதியும் சொல்லக்கூடாது. ஒற்றைச் சொல் தற்செயலாகக்கூட மாறியிருக்கலாம். கீழே குறைந்தது மூன்று துணை வரிசைகள் வேண்டும்.

‘கூப்பிடு’ என்ற பொருளுள்ள கிளாமாரே போர்த்துகீசியத்தில் ஷமார், ஸ்பானியத்தில் யமார், இத்தாலியத்தில் கியமாரே. ‘நிறைந்த’ என்ற பொருளுள்ள ப்ளேனுஸ் ஸ்பானியத்தில் யேனோ, இத்தாலியத்தில் பியேனோ. ‘சுடர்’ என்ற ஃப்ளாம்மா ஷாமா, யாமா, ஃபியம்மா என்று போகிறது. இப்போது விதி தானாகத் தெரியும்: சொல் முதலில் க், ப், ஃப் ஆகியவற்றோடு ‘ல’ சேர்ந்து வந்தால், போர்த்துகீசியம் மூன்றையும் ‘ஷ’வாக்குகிறது. ஸ்பானியம் ‘ய’வாக்குகிறது. இத்தாலியம் முதல் மெய்யை வைத்துக்கொண்டு ‘ல’வை மட்டும் ‘ய’வாக்குகிறது. பிரெஞ்சும் கட்டலானும் இரண்டையும் அப்படியே காக்கின்றன. ருமேனியத்தில் ‘க்ல’வுக்கு மட்டும் இத்தாலியம் போன்ற மாற்றம் நடக்கிறது; ‘ப்ல’ மாறாமல் நிற்கிறது.

விதி கிடைத்த மகிழ்ச்சியில் விதிவிலக்கை மறந்துவிடாதீர்கள். பூவுக்கு ஸ்பானியத்தில் ‘ஃப்ளோர்’தான். ஆணிக்கு ‘கிளாவோ’தான். இரண்டிலும் ‘ய’ வரவில்லை. இவற்றைத் தாளின் ஓரத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். விதியைத் தெளிவாகச் சொல்லி, மீறும் சொற்கள் இரண்டையும் காட்டும் விடை, விதியை மட்டும் சொல்லும் விடையைவிட எப்போதும் வலுவானது.

பிரெஞ்சு ‘க்ளே’வில் இன்னும் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. அழுத்தம் விழும் திறந்த அசையில் (உயிரொலியில் முடியும் அசையில்) ‘அ’ ‘எ’யாகும்: கடலுக்கான மாரே ‘மேர்’ ஆனதும் இப்படித்தான். கடைசிக்கு வந்துவிட்ட ‘வ’ ‘ஃப்’ ஆகும்: ஒன்பதுக்கான நோவெம் ‘நஃப்’ ஆனது போல. அதனால்தான் ‘க்ளே’வுக்குக் கடைசியில் ‘எஃப்’ எழுத்து உள்ள ஓர் எழுத்துக்கூட்டலும் இல்லாத ஒன்றும் இருக்கின்றன. ஒலிப்பு ஒன்றே, இரண்டும் சரியே.

போர்த்துகீசிய ‘ஷ’ 16ஆம் நூற்றாண்டில் ‘ஷ’வாக இல்லை, ‘பச்சை’யில் வரும் அழுத்தமான ‘ச்ச’ போல ஒலித்தது. போர்த்துகலின் வடக்குப் பகுதிகளிலும், ஸ்பெயினின் வடமேற்கில் பேசும் கலீசிய மொழியிலும் அந்த ஒலி இன்னும் இருக்கிறது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் அந்த ஒலியைத்தான் கொண்டுவந்தார்கள். இந்தியின் ‘சாபி’யில் ‘ஷ’ இல்லாததற்குக் காரணம் அதுதான். கடன்சொல் ஒன்று, கொடுத்த மொழியின் பழைய ஒலியைக் காட்டிக்கொடுக்கிறது. இதற்கு உதாரணம் கேட்டால் இதைவிடப் பக்கத்தில் ஒன்று நமக்குக் கிடைக்காது. பலர் எங்கிருந்தோ தேடி எழுதுகிறார்கள்.

ஒலி முடிந்த பிறகே பொருளுக்கு வாருங்கள். ஸ்பானியத்தில் ஒரே மூலத்திலிருந்து இரண்டு சொற்கள் உண்டு. ‘யாவே’ மக்கள் வாயில் வழிவழியாக வந்தது: சாவி, தண்ணீர்க் குழாயின் திருகு, ஸ்பானர், மல்யுத்தப் பிடி, நெளிவு அடைப்புக்குறி எல்லாம் அதுதான். ‘கிளாவே’ படித்தவர்கள் லத்தீன் ஏட்டிலிருந்து பின்னால் எடுத்துக்கொண்டது: ரகசியக் குறியீடு, விஷயத்தின் மையம், இசைக்குறிப்பின் தொடக்கக் குறி. கைப்பொருள் ஒரு பக்கம், கருத்து மறுபக்கம். பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இந்தப் பிளவு இல்லை. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. மொழிபெயர்ப்புத் தாளில் கதவுச் சாவிக்குக் ‘கிளாவே’ என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம்.

சிறு சாவி என்று பொருள்படும் ‘கிளாவிகுலா’ மருத்துவத்தில் காறையெலும்பாயிற்று. அதே சொல் பிரெஞ்சில் வழிவழியாகத் தேய்ந்து ‘ஷெவீய்’ என்று கணுக்காலானது. ஒரே மூலம், உடம்பில் இரண்டு இடம். சாவி வரிசை போலக் கட்டைகள் அடுக்கிய விசைப்பலகை பிரெஞ்சில் ‘கிளாவியே’. ஜெர்மானியர் அதை வாங்கிப் பியானோவுக்கே ‘கிளவீர்’ என்று பெயரிட்டனர். போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு இன்று வழங்கும் ‘கான்கிளேவ்’ என்ற பெயர் முதலில் குறித்தது பூட்டக்கூடிய அறையை. 1268 முதல் 1271 வரை இத்தாலியின் வித்தெர்போ நகரில் போப்பாண்டவர் தேர்தல் இழுத்தடித்தது. அதில் தேர்வான பத்தாம் கிரகோரி, 1274இல் லியோன் திருச்சபைச் சங்கத்தில், வாக்களிக்கும் கர்தினால்களை அடைத்துவைக்கும் விதியை எழுதினார். அறையின் பெயர் கூட்டத்தின் பெயரானது அப்படித்தான்.

கடைசிக் கட்டம் களையெடுப்பது. ஆங்கில ‘கீ’ பழைய ஆங்கிலச் சொல்; லத்தீனிலிருந்து வந்ததல்ல. ஜெர்மானிய ‘ஷ்லூஸ்ஸெல்’ ‘பூட்டு’ என்ற தன் சொந்த வினையிலிருந்து பிறந்தது. ரஷ்ய ‘கிள்யூச்’ பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் லத்தீனிலிருந்து வாங்கப்பட்டதல்ல. அதை உறவுச்சொல் (இரண்டுக்கும் பொதுவான பழைய வேரிலிருந்து வந்த சொல்) என்றுதான் எழுத வேண்டும், கடன்சொல் என்று எழுதினால் விடை தவறு. கிராம்புக்கான ஆங்கிலச் சொல் ‘க்ளோவ்’, ஆணியைக் குறிக்கும் லத்தீன் ‘கிளாவுஸ்’ வழி பிரெஞ்சு மூலம் வந்தது. கிராம்பைப் பாருங்கள், ஆணிதான். பூண்டுப் பல்லுக்கும் ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’ என்பார்கள். அது ‘பிள’ என்ற பொருளுள்ள வேறு ஜெர்மானிய வேர். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிடாதீர்கள்.

விடைத்தாளில் இன்னும் இரண்டு கவனம். ஏட்டில் கிடைக்காத, ஊகித்து மீட்டெடுத்த வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி கட்டாயம். மாற்றக் குறியின் (>) கூர்முனை எப்போதும் பின்னால் வந்த வடிவத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த பயிற்சிக்குக் ‘காமெரா’வை எடுங்கள். லத்தீனில் வளைகூரை, பிறகு அறை. ஸ்பானியத்தில் காமாரா, பிரெஞ்சில் ஷாம்ப்ர், ஜெர்மானியத்தில் கம்மர், போர்த்துகீசியம் வழியாக இந்தியில் கம்ரா, ஆங்கிலம் வழியாக நம் கேமரா. பிரெஞ்சு வடிவத்தில் ‘ம’வுக்கும் ‘ர’வுக்கும் நடுவில் ‘ப’ எப்படி முளைத்தது என்பதற்கு, எண்ணைக் குறிக்கும் நுமெருஸ் பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதைத் துணை வரிசையாக வைத்து விடை எழுதிப் பாருங்கள்.