மயிலை வீட்டில் விட்டுவிட்டு அம்பைக்கு

இந்த வருஷம் என் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது, எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும் என்று புதன்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது தோன்றியது, கை ஈரம் காய்வதற்குள் அம்பாசமுத்திரத்தில் (எங்களுக்கு அம்பை) இருக்கும் மதினிக்கு போன் போட்டுவிட்டேன். "ஏட்டி, இங்க வாறதுக்கெல்லாமா கேட்டுக்கிட்டு இருப்ப? வெள்ளிக்கிழமையே வந்திரு, சனிக்கிழமை சொதி வைக்கேன்" என்றார். அவ்வளவுதான் திட்டம். ஆபீஸில் ஒரு நாள் லீவு சொன்னேன். வீட்டுக்காரரும் பையனும் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அம்பைக்குப் போவதெல்லாம் ஒரு சுற்றுலாவா என்று கேட்கலாம். தை மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து ஆற்றுத் தண்ணீர் தெளிந்திருக்கும், பிசானப் பருவத்து நெல் கதிர் தள்ளியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. இதை விட்டுவிட்டு மூணாறுக்கு ரூம் தேடிக்கொண்டிருக்க எனக்கு மனசில்லை. அதோடு நான் பண்ணுகிற கிராஸ் ஸ்டிச், அதாவது துணியின் கட்டங்களில் பெருக்கல் குறி மாதிரி தையல் போட்டுப் படம் வரவழைக்கிற வேலை, முழுக்க முழுக்க எண்ணிக்கை. எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று சார்ட் முன்கூட்டியே சொல்லிவிடும், ஒரு கட்டம் தள்ளிப் போட்டால் வரிசையே நகர்ந்துவிடும். நாள் பூராவும் இப்படி எண்ணுகிற ஆளுக்கு ஊருக்குப் போவதாவது எண்ணாமல் இருக்க வேண்டும். நினைத்தால் கிளம்ப வேண்டும்.

ஆனால் எந்தத் துணியை எடுத்துப் போவது என்பதை மட்டும் நினைத்த மாத்திரத்தில் முடிவு பண்ண முடியாது. அப்போது கையில் மூன்று வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது மயில். 14 கவுண்ட் ஐடா துணி, அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம். அகலம் 210 கட்டம், உயரம் 280 கட்டம். பெருக்கினால் 58,800 வருகிறது, பின்னணி உட்பட எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டிய டிசைன். இரண்டாவது, தோழியின் குழந்தைக்குப் பெயர் பலகை: மகிழினி என்று தமிழில், சுற்றிலும் சின்னச் சின்ன முல்லைக்கொடி. மூன்றாவது, 18 கவுண்டில் புத்தகத்துக்கு வைக்கிற அடையாள நாடா, கறுப்பு ஒரே நிறம்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்று சொல்கிறவர்கள் உண்டு, என் அம்மாவே சொல்வாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மயிலுக்கு முழு வெளிச்சமும் ஓர் அசையாத மேசையும் வேண்டும்; நாடாவை டிவி பார்த்துக்கொண்டே போடலாம்; பெயர் பலகைக்கு தேதி இருக்கிறது, குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வரப்போகிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கான நேரம், அதற்கான கண் என்று இருக்கிறது. ஒரே துணியோடு இருந்தால் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன்.

சரி, மயிலுக்கு இந்தப் பயணத்தில் இடமில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்பதைக் கழற்றி மடித்தால் மடிப்புத் தடம் விழும், நாற்பதுக்கு மேல் நூல் நிறங்களையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெயர் பலகையை எடுத்தேன். தமிழ் எழுத்தைக் கட்டத்தில் போடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் கிடைக்கிற எழுத்து சார்ட்டெல்லாம் ஆங்கிலத்துக்குத்தான். 'ம' சுலபம், நேர்கோடுகள் உள்ள எழுத்து, கட்டத்துக்கென்றே பிறந்தது மாதிரி உட்காரும். 'ழி'யும் 'னி'யும் அப்படியில்லை. மேலே போகும் கொக்கியும் கீழே சுருளும் வாலும் படிக்கட்டாகத்தான் வரும். அந்தப் படிகளைச் சின்னதாக்க எழுத்தின் உயரத்தைக் கூட்டினேன், அப்புறம் ஓரத்தில் அதே நிறத்தில் ஒற்றை இழையால் பேக் ஸ்டிச், அதாவது விடாமல் தொடர்கிற கோட்டுத் தையல், ஓட்டினால் வளைவு வளைவாகவே தெரிகிறது. இந்த ஒரு பெயருக்கு கிராஃப் நோட்டில் எத்தனையோ பக்கம் போயிற்று.

வியாழன் ராத்திரி செய்த ஒரு காரியத்தைப் பயணத்தில் தைக்கிற எல்லாருக்கும் சொல்வேன். எழுத்துகளின் வெளிவிளிம்பை மட்டும் வீட்டிலேயே எண்ணிப் போட்டு முடித்துவிட்டேன். ரயிலில் எண்ணக் கூடாது, நிரப்பத்தான் வேண்டும். அதுவும் ஒரு வரிசை முழுக்கப் பாதிப் பாதியாகப் போட்டுத் திரும்பி வருகிற முறை வேண்டாம், ஒவ்வொரு கட்டத்தையும் அங்கேயே முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பக்கத்து சீட்டுப் பாட்டி பேச்சுக் கொடுத்தாலும், ஊர் வந்துவிட்டாலும், எந்த இடத்தில் நிறுத்தினாலும் பாதகமில்லை.

காலையில் நெல்லை ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர். வண்டி மேற்கே போகிறது, தை மாத வெயில் தென்கிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் வலது பக்க ஜன்னல் எனக்கு. நிழல் விழாத சீரான வெளிச்சம் அங்கேதான் கிடைக்கும். பேட்டை தாண்டும்போது ஊசியில் நூல் கோத்தேன். ஆறு இழை சேர்ந்த நூலில் இரண்டை உருவி எடுக்கும்போது ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவினால் சிக்கு விழாது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் கீழே பந்தாகச் சுருண்டுவிடும். எதிரே இருந்த சின்னப்பிள்ளை ஒன்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தது. சேரன்மகாதேவி, நாதஸ்வரத்துக்குப் பேர் போன காருகுறிச்சி, நெசவுக்கு வீரவநல்லூர். அதற்கு மேல் ஊசி ஓடவில்லை. ரயிலுக்கு இரண்டு பக்கமும் வயல். டிஎம்சி என்ற பிரெஞ்சு கம்பெனியின் எம்பிராய்டரி நூலில் 3345லிருந்து 3348 எண் வரை நான்கு பச்சை உண்டு, அடர்த்தியில் ஆரம்பித்து வெளிர் மஞ்சள் கலந்து முடியும். அந்த நான்கும் ஒரே பார்வையில் அங்கே கிடக்கிறது: வரப்புப் புல், பிந்தி நட்ட வயல், கதிர் தள்ளிய வயல், பால் பிடித்துத் தலை சாய ஆரம்பித்த வயல். முல்லைக்கொடிக்கு நான் வைத்திருந்த பச்சையை அங்கேயே மாற்றிவிட்டேன், 3346ஐ எடுத்துவிட்டு 3347.

கல்லிடைக்குறிச்சியில் ஆற்றைத் தாண்டினால் அம்பை. மதினி வாசலிலேயே நின்றிருந்தார். பையைப் பார்த்ததும் "ஊசி நூலோடதான் வந்திருக்கியா? நல்லது, சாயங்காலம் தார்சாவுல உக்காரு, வெளிச்சம் ஆறு மணி வரைக்கும் இருக்கும்" என்றார். என்னைப் புரிந்தவர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் பாபநாசம் பஸ் ஏறினோம். வழியில் வி.கே.புரம் என்கிற விக்கிரமசிங்கபுரம். எனக்கு அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தனி மரியாதை உண்டு. அங்கே இருக்கும் பஞ்சாலை 1880களில் ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி ஆரம்பித்தது. தூத்துக்குடியில் 1908ல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்த கோரல் மில்லும் அவர்களுடையதுதான். இந்த இரண்டும் மதுரை மில்லோடு சேர்ந்து மதுரா மில்ஸ் ஆகி, 1974ல் கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. நம் ஊர்க் கடைகளில் எம்பிராய்டரி நூல் என்றாலே முதலில் எடுத்துப் போடுகிற ஆங்கர் நூல்கண்டு கோட்ஸ் கம்பெனியுடையது. டிஎம்சி பிரான்சில் 1746ல் தொடங்கிய கம்பெனி, அதன் 500 நிறங்கள் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் நான் முதன்முதலில் ஊசி பிடித்தது ஆங்கர் நூலில். அந்தப் பெயரோடு சொந்தமுள்ள மில் என் ஆற்றங்கரையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

பாபநாசத்தில் கோயிலுக்கு முன்னால் படித்துறையில் பொரி போட்டால் மீன் கூட்டம் கூட்டமாக வரும். அகஸ்தியர் அருவிக்குப் போகவில்லை. வனத்துறை செக்போஸ்ட், சோதனை, குரங்குகள் என்று போய்வர நேரமாகும். கையில் துணிப்பை இருக்கும்போது குரங்கு இருக்கிற இடம் எனக்குச் சரிப்படாது. படித்துறையிலேயே காலை நனைத்துக்கொண்டு இருட்டுகிற வரை இருந்தோம்.

பிறந்தநாள் காலையில் மதினி தேங்காய் உடைக்கிற சத்தத்தில்தான் எழுந்தேன். சொதி எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, அதற்கு மூன்று பால் எடுக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும், பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதிக்க வேண்டும், முதல் பால் கடைசியில், கொதி வருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு பொரியலும். அதற்குள் வீட்டுக்காரரும் பையனும் வந்துவிட்டார்கள், இருட்டுக்கடை அல்வா வெள்ளிக்கிழமை சாயங்காலமே வரிசையில் நின்று வாங்கி வைத்திருந்தாராம். கேக் வெட்டவில்லை, யாருக்கும் ஞாபகமும் வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். மருத மரங்களில் பறவைகள் கூடு கட்டுகிற ஊர் இது. கொக்கும் நாரையுமாக மேலே ஒரே இரைச்சல். 2005ல் இந்த இடத்தையே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். நான் பார்க்க ஆசைப்பட்டது ராஜகோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களை. தளம் தளமாக ஏறிப் போக வேண்டும், கேட்டுக்கொண்டுதான் ஏற முடியும். உள்ளே மரச் செதுக்கல், சுவர் நிறையக் காவிச் சிவப்பிலும் மஞ்சளிலும் போர்க்களம், குதிரைகளை ஏற்றி வருகிற கப்பல். அந்தக் கப்பல் முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன். வெகு குறைந்த நிறங்கள்தான், ஆனால் எங்கேயும் குறை தெரியவில்லை, கறுப்புக் கோடு ஒன்றே எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. எங்கள் வேலையில் பேக் ஸ்டிச் பண்ணுவதும் அதைத்தான். மயிலுக்கு நாற்பது நிறம் எதற்கு என்று முதல்முறையாக யோசித்தது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது பத்தமடையில் இறங்கிக்கொண்டோம், பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. பாய் வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கோ நெய்கிறதைப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே போகும் ஊடு ஆற்றங்கரைக் கோரை. கோரையை மெல்லிசாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து, சாயம் ஏற்றி எடுக்கிறார்கள். நயமான பட்டுப் பாயை 100, 120, 140 கவுண்ட் என்று சொல்கிறார்கள். என் துணியில் 14, 18 என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எண்கள் அங்கே வாயை விட்டு வெளியே வரவில்லை. அளக்கிற விதம் வேறுதான், ஆனால் கையில் தொட்டுப் பார்த்தால் அது பாய் இல்லை, துணி. மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பாய். ஓரத்தில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தேதியும் ஏறிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் எழுத்தின் வளைவெல்லாம் படிக்கட்டு, நான் கிராஃப் நோட்டில் மல்லுக்கட்டிய அதே படிக்கட்டு. "அக்கா, நானும் பேருதான் போடுதேன்" என்று மகிழினியை எடுத்துக் காட்டினேன். நெய்துகொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முன்பக்கத்தைச் சட்டை செய்யாமல் நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். முடிச்சு இருக்கிறதா, நூல் தாவியிருக்கிறதா என்று விரலை ஓட்டினார். "முடிச்சு இல்லாமத்தான் போட்டிருக்க, நல்லா இருக்கு. 'ழி'க்கு வாலை இன்னும் ஒரு வரி எறக்கிப் போடு, தூரத்துல இருந்து பாக்கும்போது 'மி' மாதிரி தெரியுது." உண்மைதான், நாலடி தள்ளிப் பிடித்தால் அப்படித்தான் இருந்தது. அந்த வாலை அங்கே திண்ணையில் உட்கார்ந்தே இறக்கினேன், ஏழெட்டுக் கட்டம்தான் கூடுதல். ஒரு பாய் வாங்கினோம், விலை கேட்டுப் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒரு பட்டுப் பாய் முடிய எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் வராது.

மகிழினி இப்போது முடிந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி, பிழியாமல் டவலில் சுருட்டி ஈரம் எடுத்து, டவல் மேல் கவிழ்த்துப் போட்டு இஸ்திரி போட்டால் தையல் அமுங்காமல் நிற்கும். ஃப்ரேம் போட்டு கூரியரில் அனுப்பியாயிற்று. மயிலின் பின்னணியில் ஏழு நிறத்தைக் குறைத்து சார்ட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மதினி நேற்று போனில், ஆனி பிறந்தால் சாரல் வந்துவிடும், குற்றாலத்துக்குப் போவோமா என்று கேட்டார். போவோம் என்று சொல்லிவிட்டேன். நாடா இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கிறது, அதற்கு ஒரு ஊசியும் ஒரு கறுப்புக் கண்டும் போதும்.