என் பைத்தான் துணுக்குகள்: இதுவரை சேர்ந்ததும் கழிந்ததும்

ஒரே ஃபங்ஷனை ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் மறுபடி மறுபடி எழுதிச் சலித்துப்போய், அடிக்கடி தேவைப்படுபவற்றை ஒரே ஃபோல்டரில் சேர்க்க ஆரம்பித்தேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, ஒவ்வொரு துணுக்குக்கும் மேலே அது ஏன் இருக்கிறது என்று ஒரு வரி, கீழே ஒரு சின்ன அசெர்ட், அதாவது விடை சரியா என்று பார்த்து, தப்பென்றால் எரர் காட்டும் வரி. என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும், ஏன் என்பதுதான் கொஞ்ச நாளில் மறந்துபோகும்.

முதலில் சேர்ந்தது டைமர், ஒரு நிரல் ஓட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. கான்டெக்ஸ்ட்மேனேஜர் டெக்கரேட்டர், உள்ளே பெர்ஃப்_கவுண்டர், யீல்டைச் சுற்றி ட்ரை-ஃபைனலி, அவ்வளவுதான். நடுவில் எரர் வந்தாலும் ஆன நேரம் அச்சாகிவிடும். ஆனால் ஜிபியூவில் ஓடும் பைடார்ச் (மெஷின் லேர்னிங் லைப்ரரி, சுருக்கமாக டார்ச்) நிரலுக்கு இது போதாது. சிபியூ வேலையை ஜிபியூவின் வரிசையில் போட்டுவிட்டு, அது முடியும்வரை நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும், அதனால் நமக்குக் கிடைப்பது வேலையை ஒப்படைக்க ஆன நேரம்தான். கடிகாரத்தைப் பார்க்கும் இரண்டு இடத்திலும் அதற்கு முன்னால் டார்ச்.குடா.சின்க்ரனைஸ் போட்டால்தான் உண்மையான நேரம் தெரியும். முதல் சில ஓட்டங்களையும் விட்டுவிட வேண்டும், அவற்றில் தயாரிப்பு வேலைகளும் கலந்திருக்கும்.

சீட் (ரேண்டம் எண்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே மாதிரி வரக் கொடுக்கும் தொடக்க எண்) துணுக்கு கொஞ்சம் நீளமாகிவிட்டது. ரேண்டம், நம்பை, டார்ச் மூன்று லைப்ரரிகளுக்கும் சீட் வைப்பது எல்லோரும் செய்வதுதான். பலர் அதோடு பைத்தான்ஹாஷ்சீட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே மாற்றுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் ப்ராசஸுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, பைத்தான் தொடங்கும்போதே அதைப் படித்துவிடும். இது ஏன் முக்கியம் என்றால், பைத்தான் 3.3 முதல் ஸ்டிரிங்குகளின் ஹாஷ் (ஒரு ஸ்டிரிங்கிலிருந்து பைத்தான் கணக்கிடும் எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், ஸ்டிரிங் செட்டின் வரிசையும் அதோடு மாறலாம். லேபிள்களைச் செட்டில் போட்டு அப்படியே எண் கொடுத்தால் இன்று 0 ஆக இருந்த வகுப்பு நாளை 2 ஆகிவிடலாம், சேமித்து வைத்த மாடல் தப்பான பெயர் சொல்லும். சார்டட் போட்டுவிட்டு எண் கொடுத்தால் தீர்ந்தது. என் துணுக்கு இப்போது பைத்தான், டார்ச் வெர்ஷன்களையும் கிட் கமிட்டையும் சேர்த்தே எழுதி வைக்கிறது, ஏனென்றால் சீட் ஒன்றாகவே இருந்தாலும் வெர்ஷனோ ஹார்ட்வேரோ மாறினால் முடிவு மாறலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லாக்-சம்-எக்ஸ்ப், அதாவது எண்கள் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ப் எடுத்து, கூட்டி, லாக் எடுப்பது. எக்ஸ்புக்குக் கொடுக்கும் எண் ஃப்ளோட்32-இல் சுமார் 88-ஐத் தாண்டினாலும் ஃப்ளோட்64-இல் சுமார் 709-ஐத் தாண்டினாலும் விடை இன்ஃபினிட்டி ஆகிவிடும். இருப்பதிலேயே பெரிய எண்ணை முதலில் எல்லாவற்றிலிருந்தும் கழித்து, லாக் எடுத்த பிறகு அதையே திரும்பக் கூட்டினால் விடை மாறாது, ஓவர்ஃப்ளோவும் வராது. அசெர்ட்டுக்கு இரண்டு 1000 கொடுத்தால் 1000.693 வர வேண்டும், நேரடியாகக் கணக்கிட்டால் இன்ஃபினிட்டிதான். எல்லா உள்ளீடும் மைனஸ் இன்ஃபினிட்டியாக இருந்தால் கழித்தல் நேன் (எண்ணே அல்லாத மதிப்பு) ஆகும், அதற்கு ஒரு தனி இஃப் வேண்டும். சைபை லைப்ரரியில் இது தயாராகவே இருக்கிறது, இருந்தாலும் இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தால்தான் சாஃப்ட்மேக்ஸ் (மாடலின் எண்களை நிகழ்தகவுகளாக மாற்றும் ஃபங்ஷன்) ஏன் அப்படி எழுதப்படுகிறது என்பது மனதில் நிற்கும் என்று நினைக்கிறேன்.

அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் லைப்ரரிக்கான நினைவகத் துணுக்கு சின்னது. மெமரி_யூசேஜில் டீப் ட்ரூ கொடுக்காவிட்டால் ஆப்ஜெக்ட் வகை நெடுவரிசைகளில் உள்ள ஸ்டிரிங்குகளின் உண்மையான அளவு தெரியாது. சில மதிப்புகளே திரும்பத் திரும்ப வரும் நெடுவரிசையைக் கேட்டகரி ஆக்கினால் நிறைய இடம் மிச்சம், எல்லாமே வேறு வேறு மதிப்பாக இருந்தால் செய்யாதீர்கள், இடம் கூடத்தான் செய்யும்.

சரி, கழித்ததையும் சொல்ல வேண்டும். லிஸ்ட்டைத் துண்டுதுண்டாக வெட்டும் ஃபங்ஷன் போய்விட்டது, பைத்தான் 3.12-இல் இட்டர்டூல்ஸுக்கே பேட்ச்ட் வந்துவிட்டது. ஃபைல் பாதைகளை ஒட்டும் ஃபங்ஷனும் பாத்லிப் இருக்கும்போது எதற்கு?

அடுத்து எழுதப்போவது, ஒரே ஆளின் பதிவுகள் பயிற்சியிலும் சோதனையிலும் இரண்டு பக்கமும் விழாமல் டேட்டாவைப் பிரிக்கும் துணுக்கு. சைகிட்-லேர்னின் குரூப்ஷஃபிள்ஸ்ப்ளிட் பிரித்துக் கொடுத்துவிடும், நான் எழுத வேண்டியது அசெர்ட் மட்டும்தான்: இரு பக்க ஐடிகளின் இன்டர்செக்‌ஷன் காலியாக இருக்க வேண்டும்.