ஓடுவதும் ஃபாஸ்ட், ஒட்டிக்கிடப்பதும் ஃபாஸ்ட்

'ஃபாஸ்ட்' என்றால் வேகம் என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். பிறகு எங்காவது 'த டோர் வாஸ் ஸ்டக் ஃபாஸ்ட்' என்று வந்தால், கதவு வேகமாக என்னவோ செய்தது என்று நினைத்துத் தாண்டிவிடுகிறோம். கதவு எதுவும் செய்யவில்லை. இழுத்தும் அசையாமல் இறுகிக் கிடக்கிறது.

இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே அதுதான்: உறுதி, அசையாமை. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான 'ஃபெஸ்ட்' இன்றும் உறுதியையே குறிக்கிறது. வேகம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. உறுதியாக என்பது வலுவாக என்று விரிந்து, வலுவாக ஓடுவது விரைவாக ஓடுவதாகிவிட்டது. சைக்கிளை 'அழுத்தி மிதி' என்கிறோமே, சொல்வது அழுத்தத்தை, கேட்பது வேகத்தை. அதே கதைதான். தமிழிலும் 'கடி' என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் தரும் 13 பொருள்களில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு.

உறுதி என்ற வேரைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். சீட் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்வது அதை இறுக்கி மாட்டுவது (எழுத்தில் 't' உண்டு, உச்சரிப்பில் கிடையாது). 'ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்றால் சட்டென்று பழகியவர்கள் அல்ல, பிரிக்க முடியாத நண்பர்கள். உண்ணாநோன்புக்கும் இதே சொல்தான்: விரதத்தை விடாமல் பிடித்து நிற்பது. அந்த நோன்பை முறிப்பதுதான் 'பிரேக்ஃபாஸ்ட்'. சேர்த்துச் சொல்லும்போது மட்டும் 'பிரெக்ஃபஸ்ட்' என்று சுருங்கும். ஃபாஸ்டிங் சர்க்கரைப் பரிசோதனை என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல் இருந்து ரத்தம் கொடுப்பது.

காசநோய்க்கான சளிப் பரிசோதனை அறிக்கையில் 'ஏ.எஃப்.பி.' என்று இருக்கும். அதில் முதல் இரண்டு எழுத்துகள் 'ஆசிட்-ஃபாஸ்ட்', கடைசி எழுத்து 'பாசிலை', அதாவது குச்சி வடிவக் கிருமிகள். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுவார்கள். மற்ற கிருமிகளின் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத்தன்மை கொண்டது. அது சாயத்தை விடாது. அமிலத்துக்கும் அசையாதது என்பதுதான் பொருள். அமில வேகம் என்று மொழிபெயர்த்தால் அபத்தம். துணிக்குச் சொல்லும் 'கலர்ஃபாஸ்ட்'டும் அப்படியே: சாயம் போகாது.

'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்பதும் ஆழ்ந்த உறக்கம். ஆனால் அதை வைத்துக்கொண்டு 'ஹீ ஸ்லெப்ட் ஃபாஸ்ட்' என்று சொல்லக்கூடாது. அந்தப் பொருள் 'அஸ்லீப்' கூட இருந்தால்தான்.

வேகத்துக்கே வந்தாலும் சில நுணுக்கங்கள் உண்டு. கடிகாரம் ஐந்து நிமிடம் 'ஃபாஸ்ட்' என்றால் சரியான நேரம் 10.00 ஆகும்போது அது 10.05 காட்டும். கேமராவில் 'ஃபாஸ்ட் லென்ஸ்' என்பதில் வேகமாக நகரும் பாகம் எதுவுமில்லை. திறப்பு பெரியது, ஒளி நிறைய வரும், அதனால் ஷட்டரை வேகமாக வைக்கலாம். லென்ஸின் திறப்பை 'எஃப்' எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் திறப்பு பெரிது: எஃப் 2.8-ஐவிட எஃப் 1.4 நான்கு மடங்கு ஒளியை விடும். முன்னதில் 1/50 வினாடி தேவைப்பட்ட இடத்தில் பின்னதில் 1/200 போதும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் 'ஃபாஸ்ட்லி'. அப்படி வழக்கில் இல்லை. பெயருக்கு முன்னாலும் 'ஃபாஸ்ட்', வினைக்குப் பின்னாலும் அதே 'ஃபாஸ்ட்'. பின்னால் என்பதைக் கவனியுங்கள். தமிழில் 'வேகமாக ஓடுகிறான்' என்பதால் 'ஹீ ஃபாஸ்ட் ரன்ஸ்' என்று வாயில் வந்துவிடும். 'ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதே சரி. வினைக்கு முன்னால் வைத்தே ஆகவேண்டும் என்றால் 'குயிக்லி'யைக் கூப்பிடுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்பீட்' என்பதும் உறுத்தும், வேகமான வேகம் மாதிரி. 'ஸ்பீட்' கூடும், குறையும். அதற்கு 'ஹை', 'லோ' போதும்.

'குயிக்'கும் 'ஃபாஸ்ட்'டும் ஒன்றல்ல. கார், ஓட்டக்காரர் என்று நகர்வின் வேகத்துக்கு 'ஃபாஸ்ட்'. சீக்கிரம் முடிகிற காரியத்துக்கு 'குயிக்': 'குயிக் கொஸ்டின்', 'குயிக் லுக்'. இந்த இடங்களில் 'ஃபாஸ்ட்' போட்டால் காதில் இடிக்கும்.

சொற்றொடர்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். கேள்விகள் 'திக் அண்ட் ஃபாஸ்ட்' வந்தன என்றால் சரமாரியாக வந்தன. ஒருவர் 'புல்ட் எ ஃபாஸ்ட் ஒன்' என்றால் நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்.

உச்சரிப்பில் ஒரு ஆபத்து: ஃகரத்தை விழுங்கினால் 'பாஸ்ட்', அதாவது கடந்த காலம். மேல்பற்கள் கீழுதட்டைத் தொட்டு, இடையில் காற்று சீறி வர வேண்டும். உதடுகள் இரண்டும் ஒட்டினால் 'ப' வந்துவிடும்.